எருமை ஏன் உருண்டது?

அத்தியாயம் 4

எருமை மூக்கை வடிகாலுக்குள் விட்டு, பின்பக்கத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடந்தது.

"தண்ணி குடிக்குது அண்ணி. தொந்தரவு பண்ணாதீங்க," என்றான் கொழுந்தன்.

அவன் அண்ணி ஒரு சர்வேயர். இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைப் பார்த்தவர். வேலையை விட்ட பிறகும், நசுங்கியதற்கு யார் காரணம் என்று தெரிந்தே ஆகவேண்டியவர்கள் அவரைத் தேடி வந்துகொண்டிருந்தார்கள். எங்கே போனாலும் கணவரின் தம்பியை உடன் அழைத்துப் போவார். அவர் பேசாமல் விட்டதையெல்லாம் அவன் பேசித் தீர்த்துவிடுவான்.

இந்த முறை தேடி வந்தவள் ஒரு மெக்கானிக். நாற்பது வயது. நகத்தில் கிரீஸ். கையைக் கட்டிக்கொண்டு, சொந்தப் பிள்ளை விழுந்து கிடப்பதைப் பார்ப்பதுபோல எருமையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எருமை என்பது அந்த மலையடிவார மருத்துவமனையின் ஃபோர் வீல் டிரைவ் வேகன். வயது முப்பத்தொன்று. அதன் ஸ்பிரிங்குகளை மாற்றி வயிற்றை நான்கு விரற்கடை உயர்த்தியது இவள். பெரிய டயர் போட்டதும், ஓடையைக் கடக்கும்போது இன்ஜின் தண்ணீர் குடிக்காமல் இருக்கக் காற்றுக் குழாயைக் கூரை உயரத்துக்கு ஏற்றியதும் இவள்தான். வாரத்துக்கு ஒருமுறை மருந்துப் பெட்டிகளோடு மேலே உள்ள ஏழு குடியிருப்புகளுக்கு ஏறிப் போக அந்த ஊரில் வேறு வண்டி கிடையாது.

திங்கட்கிழமை விடியற்காலையில், மருத்துவமனை முற்றத்தின் சரிவில் நின்றிருந்த எருமை தானாக உருண்டு, சுற்றுச்சுவரை இடித்து, வடிகாலில் இறங்கியது. மேனேஜர் அன்றே கடிதம் எழுதிவிட்டார். பராமரிப்புக் குறைபாட்டால் ஹேண்ட் பிரேக் செயலிழந்தது, வண்டியைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடலாம் என்று. இன்று புதன். நான்கு மணிக்கு லாரி வருகிறது.

"போன வாரம்தான் அந்த பிரேக்குக்குப் புது ஷூ போட்டேன் மேடம்," என்றாள் மெக்கானிக். "ரெண்டு நாள்ல மூணு பேரு ஒர்க்‌ஷாப்புல விட்டிருந்த வண்டிய வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. பிரேக் பிடிக்காத வண்டிய வெளிய விடறவன்னு பேராயிடுச்சு. இதுவும் லாரில ஏறிடுச்சுன்னா நான் கடைய இழுத்து மூடிட்டுப் போகவேண்டியதுதான்."

"மணி ரெண்டே கால்," என்றான் கொழுந்தன். "அண்ணி வாயத் திறக்கவே மூணாகும்."

சர்வேயர் வடிகாலுக்குள் இறங்கினார். வலது முன்சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்தார். எழுந்தார். சுற்றிப் போய் இடது முன்சக்கரத்தின் அருகே குந்தினார். மறுபடி வலது பக்கம் வந்தார்.

"எந்தக் கால்ல அடிபட்டிருக்குன்னு அதுகிட்டயே கேட்டா சொல்லிட்டுப் போகுது," என்றான் கொழுந்தன்.

"இது லாக்," என்றார் சர்வேயர். "அது ஃப்ரீ."

மெக்கானிக் கட்டியிருந்த கையை விட்டாள். ஒரே தாவலில் கீழே இறங்கி அவளும் பார்த்தாள்.

இந்த மாதிரிப் பழைய வேகன்களின் முன்சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் கைக்கு அடங்கும் ஒரு குமிழ் இருக்கும். சேற்றிலோ மலையிலோ இறங்குவதற்கு முன் டிரைவர் கீழே இறங்கி, இரண்டு குமிழையும் லாக் பக்கம் திருப்ப வேண்டும். அப்போதுதான் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். நல்ல சாலைக்கு வந்ததும் இரண்டையும் ஃப்ரீ பக்கம் திருப்பிவிடுவார்கள். ஒன்று இப்படி, ஒன்று அப்படி என்று யாரும் வைப்பதில்லை.

"ஒரு கால்ல ஷூ, ஒரு கால்ல செருப்பா?" என்றான் கொழுந்தன். "இது கல்யாணத்துக்கும் போகாது, கழனிக்கும் போகாது."

சர்வேயர் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டினார். ஹேண்ட் பிரேக் கடைசிப் பல் வரை இழுக்கப்பட்டிருந்தது. ஃபோர் வீல் லிவரும் போடப்பட்டிருந்தது. பிறகு பின்னால் வந்து, அந்தரத்தில் தொங்கிய வலது பின்சக்கரத்தின் நட்டு ஒன்றை இரண்டு விரலால் பிடித்துத் திருகினார். அது சுழன்றது. ஆறும் சுழன்றன.

"தானா உருண்ட வண்டி," என்றான் கொழுந்தன், குரலைத் தாழ்த்தி, "போறப்ப தானே நட்டையும் லூஸ் பண்ணிக்கிட்டுப் போயிருக்கு. நல்ல பழக்கம்."

மேலே வண்டி நின்றிருந்த இடத்தைப் பார்க்கப் போனார்கள். சரளைக் கற்களுக்கு நடுவே சோப்புப் பெட்டி அளவில் ஒரு சதுரக் குழி, அழுத்தமாக.

"ஜாக்கி வச்ச தடம்," என்றாள் மெக்கானிக். அவள் முகத்தில் இரண்டு நாளில் முதல் முறையாக ரத்தம் ஓடியது. "யாரோ சக்கரம் கழட்டப் பாத்திருக்காங்க!"

"யாரு?" என்றார் சர்வேயர். "அந்த ஒரு குமிழத் திருப்புன கை யாருது?"

மருத்துவமனைப் படியில் உட்கார்ந்திருந்த டிரைவரைக் கேட்டார்கள். அறுபதை நெருங்கியவர். கேள்வி முடிவதற்குள் கோபம் வந்துவிட்டது.

"போன வியாழக்கிழமை மலையிலேருந்து எறங்குனதும் ரெண்டு குமிழையும் ஃப்ரீ பண்ணேன். வீட்டுக்காரி பொறந்த நாள மறந்திருக்கேன். இத மறந்ததில்ல."

"அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்றான் கொழுந்தன்.

"இன்னும் பேசல."

"ஜாக்கி எங்க?" என்றார் சர்வேயர்.

டிரைவர் போய்ப் பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஜாக்கியையும் வீல் ஸ்பேனரையும் எடுத்து வந்தார். வந்தவர் பாதி வழியில் நின்று, கையிலிருந்ததை வெறித்துப் பார்த்தார். ஜாக்கி பளபளவென்று இருந்தது. ஸ்பேனர் செய்தித்தாளில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

"இது என் ஜாக்கி இல்ல."

"உங்க ஜாக்கிதாண்ணே," என்றாள் மெக்கானிக். "கைப்பிடியில நான் வச்ச வெல்டு இருக்கு பாருங்க."

"என் ஜாக்கியா? என் ஜாக்கிய எவன் தொடச்சான்?" தன் வீட்டில் யாரோ புகுந்து பாத்திரம் கழுவிவிட்டுப் போனதுபோல அவர் அதிர்ந்து போயிருந்தார். "பதினெட்டு வருஷத்துல நான் ஒருநாள்கூட இதத் தொடச்சதில்லயே!"

கொழுந்தன் சர்வேயரின் காதருகே வந்தான். "மேனேஜர்தான் அண்ணி. ரெண்டு வருஷமா புது வண்டி வேணும்னு எழுதிக்கிட்டே இருக்காராம். கவுத்து விட்டா கேஸ் முடிஞ்சுது. நாம காபி குடிக்கப் போகலாம்."

சர்வேயர் ஜாக்கியின் கைப்பிடியை விரலால் தடவிப் பார்த்தார்.

"கவுக்கணும்னு நெனைக்கிறவன் ஜாக்கியத் தொடச்சு வைப்பானா தம்பி?"

அபூர்வமான அந்த அமைதியைச் சர்வேயர் அனுபவித்தபடி மருத்துவமனைக்குள் நடந்தார்.

வாசலில் கொழுந்தன் தடுக்கி விழப் பார்த்தான். கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, கீழே மஞ்சள் பெயின்ட் அடித்த முக்கோணக் கட்டை ஒன்று செருகப்பட்டிருந்தது.

"இது எருமையோட கட்டை!" மெக்கானிக் குனிந்து எடுத்தாள். "சக்கரத்துக்கு அண்டை குடுக்கறதுக்காக நான் இழைச்சுக் குடுத்தது. ஜோடியாச்சே இது. இன்னொண்ணு எங்க?"

உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "எடை மேசைக்குக் கீழக்கா. அந்த மேசை ஆடுது. எல்லாருக்கும் அரைக் கிலோ கூடக் காட்டுது."

"அப்ப அந்த அரைக் கிலோ என்னுது இல்லையா?" என்றான் கொழுந்தன்.

சர்வேயர் நர்ஸைப் பார்த்தார். "இங்க வேற யாருக்குச் சக்கரம் மாத்தத் தெரியும்?"

"தெரியும்னா..." நர்ஸ் மெக்கானிக்கைக் காட்டினாள். "போன மாசம் அக்காதான் எங்களுக்கு ஒருநாள் கத்துக் குடுத்தாங்க. மலையில பஞ்சராகி மூணு மணி நேரம் நின்னோம். அதனால எல்லாரும் கத்துக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. நான், டிரைவரண்ணன், மேனேஜர் சார். எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. சார் மட்டும் நோட்டுல எழுதிக்கிட்டாரு."

சொல்லும்போதே அவள் உதடு துடித்தது. அழுகையல்ல.

"என்ன சிரிப்பு?" என்றார் சர்வேயர்.

"இல்ல... சார் நட்டு கழட்டுனாரு. கழட்டுனாரா, ஸ்பேனர் வழுக்கிடுச்சு. அப்படியே கிரீஸ் டப்பா மேல உக்காந்துட்டாரு. வெள்ளப் பேன்ட். நாங்க சிரிச்சுட்டோம். சாயந்திரம் வரைக்கும் சிரிச்சோம்." அவள் குரல் இறங்கியது. "நாளைக்கு மலைக்கு சாரும் வரணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. சனிக்கிழம நான் சும்மா இல்லாம, 'பஞ்சரானா நாங்க மாத்துறோம் சார், நீங்க குடை பிடிங்க'ன்னேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு."

சர்வேயர் தலையசைத்தார். மேலே கேட்காமல், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புகளைப் படிக்கத் தொடங்கினார். வரிசையில் நிற்கும் முறை, குடிநீர்ப் பானையைத் திறக்கும் முறை, ஜன்னலைச் சாத்தும் முறை. எல்லாமே டைப் அடித்து, கீழே மேனேஜர் கையொப்பத்தோடு.

"அண்ணிகிட்ட ஒரு எழுத்தக் காட்டிட்டா போச்சு," என்றான் கொழுந்தன் நர்ஸிடம். "வடை மடிச்ச பேப்பர்கூட முழுசாப் படிச்சாத்தான் வடைக்கே அனுமதி. அண்ணி, மணி மூணே கால்!"

சர்வேயர் நான்காவது தாளின் முன் நின்றுவிட்டார். வெகுநேரம் நின்றார்.

"தம்பி, இதக் கொஞ்சம் சத்தமாப் படி."

கொழுந்தன் தொண்டையைச் செருமினான். "சக்கரம் மாற்றும் முறை. ஒன்று, தொடங்கும் நேரத்தை வண்டிப் பதிவேட்டில் குறிக்கவும். இரண்டு, ஹேண்ட் பிரேக்கை இழுக்கவும். மூன்று, ஃபோர் வீல் லிவரைப் போடவும். நான்கு..." அவன் குரல் மாறியது. "வலது முன்சக்கரத்தின் நடுவில் உள்ள குமிழை லாக் என்ற பக்கம் திருப்பவும். ஐந்து, நட்டுகளைத் தளர்த்தவும். ஆறு, ஜாக்கி வைக்கவும்." அவன் கண்கள் கீழே ஓடின. "அண்ணி! ஒன்பது. பயன்படுத்திய கருவிகளைத் துடைத்துத் தாளில் சுற்றி வைக்கவும்!"

மேனேஜர் அறையில் எல்லாம் நேர்கோட்டில் இருந்தன. பேனாக்கள், கோப்புகள், மேனேஜரின் வகிடு. ஐம்பத்தைந்து வயது. கழுத்துப் பொத்தான் வரை போட்ட வெள்ளைச் சட்டை.

"பழைய வண்டி," என்றார், அவர்கள் உட்காரும் முன்பே. "பிரேக் பிடிக்கல. இதுல துப்புத் துலக்க ஒண்ணுமில்ல."

"வண்டிப் பதிவேடு வேணும்," என்றார் சர்வேயர்.

மேனேஜரின் கை மேசை இழுப்பறை வரை போய் நின்றது. பிறகு விதியை நினைத்துக்கொண்டவர்போல அதைத் திறந்து, பதிவேட்டை எடுத்து வைத்தார். சர்வேயர் பக்கத்தைப் புரட்டினார். திங்கட்கிழமை. சிறிய, ஒழுங்கான கையெழுத்து. தொடக்கம்: காலை 5.40. முடிவு என்ற கட்டம் காலியாக இருந்தது.

"இதக் கிழிச்சிருக்கலாமே சார்," என்றான் கொழுந்தன், உண்மையான வியப்போடு.

"பதிவேட்டுல பக்கம் கிழிக்கக் கூடாது," என்றார் மேனேஜர்.

"அடிச்சிருக்கலாம்?"

"அடித்தல் திருத்தல் கூடாது."

சர்வேயர் நாற்காலியில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்தார். கொழுந்தன் வாயைத் திறக்கப் போனான். அண்ணியின் ஒரு விரல் மேசையில் அசைந்ததும் மூடிக்கொண்டான். சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடியது. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"சொன்னா சிரிப்பீங்க," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை.

"ஆளில்லாத நேரமாப் பாத்து ஒரு தடவ பழகிக்கலாம்னு போனேன். அவ்வளவுதான். ஜாக்கிய ஏத்தினேன். சக்கரம் தரைய விட்டு ரெண்டு விரல் எழும்புச்சு. அப்பவே வண்டி நகந்துடுச்சு. நான் சட்டைக் காலரப் புடிச்சு இழுக்கற மாதிரி பின்பக்க பம்பரப் புடிச்சு இழுத்தேன்." கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "நிக்கல. ஆனா நான் எதையும் தப்பாச் செய்யல. ஒவ்வொண்ணாப் படிச்சுப் படிச்சுத்தான் செஞ்சேன். கட்டை மட்டும்தான் இல்ல. கட்டை கெடைக்கலன்னா பரவாயில்ல, குமிழ லாக் பண்ணிட்டா மலையே சரிஞ்சாலும் வண்டி அசையாதுன்னு இவங்கதான் சொன்னாங்க. பண்ணேன். அப்புறமும் உருளுதுன்னா பிரேக்குதானே காரணம்? நான் பொய் எழுதல."

மெக்கானிக் எழுந்து நின்றாள். "ஒரு குமிழத் திருப்புனா எப்படி சார் நிக்கும்? ரெண்டையும் திருப்பணும்! இந்த வண்டியில ஹேண்ட் பிரேக் சக்கரத்தப் புடிக்காது. பின்சக்கரத்துக்குப் போற ஷாஃப்டத்தான் புடிக்கும். ஒரு பின்சக்கரத்தத் தூக்கிட்டீங்கன்னா அது அந்தரத்துல சும்மா சுத்தும், மத்தது ஓடும். அதுக்குத்தான் முன்சக்கரம் ரெண்டையும் சேத்துக் கட்டறோம். ஒண்ணக் கட்டி ஒண்ண விட்டா, விட்ட பக்கமா ஓடத்தானே செய்யும்? சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்!"

"சின்னப் புள்ளைக்குச் சொல்லிக் குடுத்தவங்க சொல்லியிருப்பாங்க," என்றார் மேனேஜர். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அவள் முன் விரித்தார். "நீங்க சொன்னத எழுத்து விடாம எழுதியிருக்கேன். 'இந்தக் குமிழத் திருப்பணும்.' வலது சக்கரத்துக்கிட்ட நின்னு, வலது சக்கரத்தக் காட்டிச் சொன்னீங்க."

"ரெண்டு பக்கமும்னு சொன்னேன்!"

மெக்கானிக் நர்ஸ் பக்கம் திரும்பினாள். வாசல்நிலையில் சாய்ந்திருந்த நர்ஸ் தரையைப் பார்த்தாள். "சொல்லலக்கா."

நர்ஸுக்குப் பின்னால் வந்து நின்றிருந்த டிரைவரைப் பார்த்தாள். அவர் கன்னத்தைச் சொறிந்தார். "நீ சொன்னதா ஞாபகம் இல்லம்மா. எனக்குத் தெரிஞ்ச விஷயம்தானே, அதனால எனக்கும் தோணல."

மெக்கானிக் மெதுவாக உட்கார்ந்தாள். பதினைந்து வயதிலிருந்து அந்தக் குமிழ்களைத் திருப்பியவள். வலதைத் திருப்பியதும் கால்கள் தாமாகவே இடது பக்கம் நடக்கும். மூச்சு விட்டபின் மூச்சு இழுக்க வேண்டும் என்று யாராவது சொல்லிக் கொடுப்பார்களா?

"என்னக் காப்பாத்தத்தான் உங்களக் கூப்பிட்டேன் மேடம்," என்றாள், சர்வேயரைப் பார்த்து.

"பிரேக்குல குறை இல்ல," என்றார் சர்வேயர். "பாடத்துல இருந்துச்சு. ஒரு குமிழ் அவரு திருப்பல. ஏன்னா, ஒரு குமிழ் நீ சொல்லல."

வெளியே லாரியின் ஹார்ன் இரண்டு முறை அடித்தது. நான்கு மணி.

எல்லோரும் மேனேஜரைப் பார்த்தார்கள். கையொப்பத்துக்காகக் காத்திருந்த கடிதம் மேசையின் நடுவில், நேர்கோட்டில் இருந்தது. அவர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். கடிதத்தின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்து, மேலே 'ரத்து' என்று எழுதி, தேதி போட்டு, கையொப்பமிட்டார்.

"கிழிக்கலாமே சார்," என்றான் கொழுந்தன்.

"கோப்புல இருக்கணும். ஏன் ரத்தாச்சுன்னு நாளைக்கு யாராவது கேப்பாங்க." அவர் இன்னொரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டார். "பிரேக் நல்ல நிலையில இருந்துச்சு, தவறு என்னுடையதுன்னு ஒரு அறிவிப்பு டைப் அடிக்கணும். வாசல்ல ஒண்ணு. இவங்க ஒர்க்‌ஷாப்புல ஒண்ணு."

மெக்கானிக் தரையைப் பார்த்தபடி சொன்னாள், "தவறு நம்முடையதுன்னு அடிங்க சார்."

மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நீங்களும் கையெழுத்துப் போடணும்."

லாரிக்காரர் முணுமுணுத்தபடி வெறும் வண்டியோடு திரும்பிப் போனார். மெக்கானிக்கின் பழைய ஜீப், இரும்புக் கயிறு கட்டி, எருமையை வடிகாலிலிருந்து அங்குலம் அங்குலமாக இழுத்தது. பம்பரில் ஒரு கீறல். அவ்வளவுதான். சுவர்தான் பாவம்.

டிரைவர் வண்டியை அதே சரிவில், அதே இடத்தில் நிறுத்தினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினார். யாரும் சொல்லாமலே மேனேஜர் சட்டைக் கையை மடக்கினார். ஃபோர் வீல் லிவரைப் போட்டார். வலது குமிழைத் திருப்பினார். டக். பிறகு சுற்றி நடந்து இடது பக்கம் போனார். அந்தக் குமிழ் இறுகிப் போயிருந்தது. மெக்கானிக் கை நீட்டப் போனவள், பின்னால் இழுத்துக்கொண்டாள். அவர் முகம் சிவக்கத் திருப்பினார். டக்.

நர்ஸ் இரண்டு மஞ்சள் கட்டைகளையும் கொண்டுவந்து சக்கரத்துக்கு அண்டை கொடுத்தாள். மருத்துவமனைக் கதவு படாரென்று அடித்துக்கொண்டது. எடை மேசை இனி ஆடட்டும்.

வெயில் முகத்தில் அடித்தது. மேனேஜர் ஜாக்கியை ஏற்றினார். வலது பின்சக்கரம் தரையை விட்டு இரண்டு விரல் எழும்பியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். எருமை அசையவில்லை.

நட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மூன்றாவது நட்டில் அவர் முதுகின் மேல் ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தார். நர்ஸ் குடையை விரித்து அவருக்குப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் சிரிக்கவில்லை. முதலில் சிரித்தது மேனேஜர்தான்.

சக்கரம் மாறி, ஜாக்கி இறங்கி, நட்டுகள் இறுகின. அவர் ஜாக்கியை எடுத்துத் துடைக்கத் தொடங்க, டிரைவர் தாங்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் மேனேஜர் பதிவேட்டை வரவழைத்து, காலியாக இருந்த கட்டத்தில் எழுதினார். முடிவு: புதன், மாலை 4.55.

கொழுந்தன் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து விரல்விட்டுக் கணக்குப் போட்டான். "திங்கள் காலையில ஆரம்பிச்சு... ஒரு டயர் மாத்த ரெண்டு நாள், பதினோரு மணி நேரம், பதினஞ்சு நிமிஷம். பரவாயில்ல சார். மொத தடவதானே."

மேனேஜர் அவனைப் பொருட்படுத்தவில்லை. பாக்கெட்டிலிருந்து, சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை எடுத்து விரித்தார். நான்காம் வரியில் 'வலது' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'இடது' என்று சேர்த்து, திருத்தத்துக்கு அருகே சுருக்கொப்பம் இட்டார். பிறகு பேனாவை மெக்கானிக்கிடம் நீட்டினார்.

அவள் கையைப் பேன்டில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.